ஏரி ஒண்ணு, பாடு பல!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்துவிட்டு, இறால் வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்புகிற சனி, ஞாயிறு கோஷ்டிகள் கவனிக்காத சமாசாரம் ஒன்று அங்கே உண்டு. அதன் பெயர் 'பாடு'.

ஏரி பெரிசுதான். இந்தியாவின் உப்பு நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம். ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைத்துவிடாது. நல்ல இடத்தில் எல்லோரும் போய் வலை கட்டினால்? இறால் விழுவதற்கு முன்னால் அடி விழும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு. சங்கத்தில் உள்ள தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எப்போது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். ஏரியை வெட்டிப் பங்கு போடவில்லை. 'இன்றைக்கு உன் வலை எங்கே' என்பதை மட்டும் விதி சொல்லும்.

இதே பாடு சில வீடுகளின் பரண் மேல், மின்விசிறிச் சத்தத்தோடு நடக்கிறது.

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாமல் அதில் லினக்ஸ் ஏற்றி, வீட்டு சர்வராக ஓட்டுகிற இளைஞர்கள் இன்றைக்கு அநேகம். போனஸ் வந்தபோது வாங்கிய 2 டெராபைட் டிஸ்க், இன்கிரிமென்ட் வந்தபோது 4, கல்யாண வீடியோவுக்காக 8. அக்கா கல்யாணம் எந்த டிஸ்க்கில்? தாத்தா கடைசியாகப் பேசிய வீடியோ எதில்? மூன்று டிஸ்க், முப்பது ஃபோல்டர், ஒரே குழப்பம்.

இங்கேதான் 'மெர்ஜர்எஃப்எஸ்' வருகிறது. அன்டோனியோ முசுமெசி என்பவர் எழுதிய இலவச மென்பொருள். மூன்று டிஸ்க்கையும் ஒரே ஏரியாகக் காட்டும். ஆனால் எதையும் கலக்காது. ஒவ்வொரு ஃபைலும் ஏதாவது ஒரு டிஸ்க்கில் முழுசாகத்தான் உட்கார்ந்திருக்கும். புதுசாக ஒரு ஃபைல் வந்தால் எந்த டிஸ்க்குக்குப் போகணும் என்பதற்கு விதி உண்டு. அதிகக் காலியிடம் உள்ளதுக்கு அனுப்பு என்பது ஒரு விதி. வரிசையில் முதலில் இருப்பதுக்கு அனுப்பு என்பது இன்னொன்று. சாட்சாத் பாடு!

இதில் ஒரு சௌகரியம். ஃபைலைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் தூவுகிற 'ரெய்டு 0' முறையில் ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டால் மொத்தமும் காலி. இதில் போன டிஸ்க்கோடு போனது மட்டும்தான் போச்சு.

சரி, வம்பு எங்கே? அப்டேட்டில்.

டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் ரொம்ப நிதானம். ஒரு பதிப்பு வெளிவந்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்பொருள்களின் வெர்ஷனை அநேகமாக அப்படியே உறைய வைத்துவிடுவார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருப்பது மெர்ஜர்எஃப்எஸ் 2.33.5. அடுத்த வருஷமே 2.40 வந்தாச்சு. வழக்கமான அப்டேட் கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். 'எல்லாம் லேட்டஸ்ட்தான் சார்' என்று சாதிக்கும். பழைய கோளாறுகள் திருத்தப்பட்ட வெர்ஷன் வேண்டுமென்றால், நாமே கிட்ஹப்புக்குப் போய், நம் கையால் இறக்கி, நம் கையால் போடணும்.

முதலில் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டெபியனின் செல்லப்பெயர் என்ன (12 என்றால் 'புக்வோர்ம்')? பிராசஸர் எந்த ஜாதி, ஏ.எம்.டி.64-ஆ, ஏ.ஆர்.எம்.64-ஆ? இரண்டும் பொருந்துகிற '.டெப்' ஃபைலை மட்டும் இறக்குங்கள். பழைய '.டெப்' கைவசம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். புது மாப்பிள்ளை சரிப்படவில்லை என்றால் திரும்பி வர வழி வேணுமே!

அடுத்து, ஏரியில் இருக்கும் வலைகளை எல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். அதாவது அந்த டிஸ்க்குகளில் எழுதிக்கொண்டிருக்கும் சம்பா, ஜெல்லிஃபின், டவுன்லோட் சமாசாரங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அப்புறம் 'அன்மவுன்ட்'. அவசரப்பட்டு இந்த வரிசையை மாற்றினால் வேடிக்கை பார்க்கலாம். ஏரி கழற்றப்பட்டு அந்த ஃபோல்டர் காலியாக இருக்கிற நேரத்தில், ஒரு புரோகிராம் விவரம் தெரியாமல் அதில் எழுதித் தள்ளும். எழுதியது சிஸ்டம் டிஸ்க்கில் போய் விழும். மறுபடி ஏரியை மாட்டியதும் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஃபைலைக் காணோம், இடத்தையும் காணோம்!

பிறகு 'டி.பி.கே.ஜி.' மூலம் இன்ஸ்டால் செய்து, மறுபடி மவுன்ட்.

மவுன்ட்டைத் தொடாமல் இன்ஸ்டால் மட்டும் செய்துவிட்டு மார் தட்டுகிறவர்களும் உண்டு. மெர்ஜர்எஃப்எஸ்ஸிடம் வெர்ஷன் கேட்டால் புது நம்பரைத்தான் சொல்லும். ஆனால் மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது பழைய ஆள்! பெயர்ப்பலகையில் புது மேனேஜர், நாற்காலியில் பழைய மேனேஜர். ஏரிக்குள் '.மெர்ஜர்எஃப்எஸ்' என்று கண்ணில் படாத ஒரு ஃபைல் இருக்கிறது. 'கெட்எஃப்ஆட்ர்' கமாண்டால் அதைக் கேட்டால்தான், வேலை பார்ப்பது யார் என்ற நிஜம் வெளிவரும்.

புது வெர்ஷனில் விதிகளும் மாறியிருக்கலாம். 'எப்போதும் போல' என்று விட்டுவிடாமல், உங்களுக்கு வேண்டிய விதியை 'எஃப்ஸ்டேப்' ஃபைலில் பளிச்சென்று எழுதிவிடுங்கள். முன்கூட்டிப் பேசி வைத்த விதி இருக்கிற ஊரில்தான் சண்டை குறைவு.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. ஏரியை ஒன்றாகக் காட்டுவது வேறு, காப்பி எடுத்து வைப்பது வேறு. மெர்ஜர்எஃப்எஸ் எதற்கும் நகல் வைப்பதில்லை. தாத்தாவின் வீடியோ இருந்த டிஸ்க் போனால், உலகத்தின் லேட்டஸ்ட் வெர்ஷன் இருந்தாலும் தாத்தா திரும்பி வரமாட்டார். அப்டேட்டில் கை வைப்பதற்கு முன்னால், முக்கியமானதை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். அண்ணன் வீடு, மாமா வீடு, எதுவானாலும் சரி.

கையால் போட்டதை யாரும் ஞாபகப்படுத்தவும் மாட்டார்கள். அடுத்த வெர்ஷன் வந்திருக்கிறதா என்று மூணு மாசத்துக்கு ஒரு தரம் நாமேதான் எட்டிப் பார்க்கணும். பழவேற்காட்டில் முறையை நினைவுபடுத்தச் சங்கம் இருக்கிறது. பரண் மேல் இருக்கும் ஏரிக்கு நீங்கள்தான் சங்கம், நீங்கள்தான் தலைவர், நீங்கள்தான் வலை இழுக்கிறவர்.

உங்கள் பாடு!