பாதியில் எழுந்து போக விடும் கேம் எது?

கணினி கேம் கடையான ஸ்டீமின் குளிர்காலத் தள்ளுபடி ஜனவரி முதல் வாரத்தில் முடிகிறது. அதற்குள் எதை வாங்கலாம் என்று எழுதியிருக்கும் வாசகர்களில் பலர், பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு இருபது நிமிடம் கிடைக்கும் அப்பா அம்மாக்கள். ஏறக்குறைய எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இந்த கேமை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

அந்த எண்ணை வைத்து ஒன்றும் தெரியாது. நூறு மணி நேர கேமையும் இருபது இருபது நிமிடமாக ஆடித் தீர்க்கலாம். ஆறு மணி நேரத்தில் முடிகிற கேம், பாதியில் எழவிடாமல் பிடித்துவைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். தொட்டிலில் அழுகுரல் கேட்ட நொடியில் எழுந்து போனால், அதுவரை ஆடியது தங்குமா? இதைத்தான் கேட்க வேண்டும். ‘உங்கள் வேகத்தில் ஆடலாம்’ என்று விளம்பரம் சொன்னால் யாரும் விரட்டமாட்டார்கள் என்று மட்டுமே பொருள்.

ஸ்டார்ட்யூ வேலி (2016) சாதுவான பண்ணை விளையாட்டு. ஆனால் கணினியில் அது சேவ் ஆவது கதாபாத்திரம் படுக்கப்போகும்போது மட்டுமே. விளையாட்டின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மூடினால் அன்றைய உழவு முழுக்கப் போச்சு. கொடூரமானது என்று பேர்பெற்ற எல்டன் ரிங்கில் (2022) மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்கமாட்டான். ஆனால் முறைப்படி வெளியேறினால், பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மறுநாள் தொடரலாம். பார்வைக்குச் சாதுவா முரடா என்பது இங்கே உதவாது.

எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுவது ஸ்லே தி ஸ்பயர் (2019), ஹேட்ஸ் (2020) போன்றவை செய்யும் வேலை. இரண்டும் ஒவ்வோர் அறையின் வாசலிலும் தானாகவே சேவ் செய்கின்றன. சண்டையின் நடுவே மூடினால் அந்த அறையின் தொடக்கத்துக்குத் திரும்புவீர்கள். இழப்பு சில நிமிடம். சண்டையின் ஒவ்வொரு நொடியையும் பதிவதென்றால் எந்த எதிரி எங்கே நிற்கிறான், எந்த அம்பு எங்கே பறக்கிறது என்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். வாசலில் அந்தத் தொல்லை இல்லை. தோற்கப்போகிறவர் சட்டென்று மூடித் திறந்து தப்பிக்கமாட்டாரா? ஸ்லே தி ஸ்பயர் அதையும் யோசித்திருக்கிறது. சீட்டுகள் கலையும் விதமும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுவதால், திரும்பி வந்தாலும் முதலில் கைக்கு வருவது அதே சீட்டுகள்தான். யோசித்து ஆட இன்னொரு வாய்ப்பு கிடைக்கும், அதிர்ஷ்டம் மாறாது. பெற்றோருக்கு இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

2025 முதல் ஸ்டீம் பக்கங்களில் ‘எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம்’ என்ற குறிப்பும் வரத் தொடங்கியிருக்கிறது. அதை நிரப்புவது கேமைத் தயாரித்தவர்களே என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

மற்ற கேள்விகள்:

கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் பவர் பட்டனை அழுத்தினால் போதாதா? போதும், சார்ஜ் இருக்கும்வரை. உறங்கவைப்பது சேவ் செய்வதாகாது.

பிஜிஎம்ஐ? ஆன்லைன் ஆட்டத்துக்கு இடைநிறுத்தம் கிடையாது. கூட ஆடுபவர்களிடம் திட்டு வாங்கத் தயாரென்றால் ஆடுங்கள்.

இலவச மொபைல் கேம்கள்? கேண்டி க்ரஷில் ஐந்து உயிர், போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம். ஆட்டம் சிறிதுதான், அழைப்பு நாள் முழுக்க.

ஸ்டீமில் வாங்கியது பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா? வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் திரும்பும்.

இந்த 14 நாளில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். தள்ளுபடியில் ஐந்தாறு கேம் வாங்கிப்போட்டு ஒன்றைக்கூடத் திறப்பதற்குள் கெடு ஓடிவிடும். ஒன்றே ஒன்று வாங்குங்கள். அன்றிரவே பத்து நிமிடம் ஆடி, வேண்டுமென்றே நடுவில் மூடித் திறந்து, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பிடிக்காத இடத்தில் விட்டால் அப்போதே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.