லீவில் நடந்த கல்யாணம்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றும் ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு பட்டாளத்தானின் கல்யாணம் லீவில்தான் நடக்கும். இரண்டு மாத விடுப்பில் வருகிறவன் காட்பாடியில் டிரங்குப் பெட்டியை இறக்குவதற்கு முன்பே அம்மா ஜாதகம் பார்த்து முடித்திருப்பாள். பெண் பார்த்து, தாலி கட்டி, விருந்துக்குப் போய் வருவதற்குள் ரயிலேறும் நாள் வந்துவிடும்.

அதன் பிறகுதான் பழக்கமே. அதுவும் இன்லேண்டு லெட்டரில். முகவரியில் ஊர்ப்பெயர் இருக்காது, ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். புருஷன் பனியில் நிற்கிறானா, பாலைவனத்தில் நிற்கிறானா என்பதை அவள் ஊகிக்க வேண்டியதுதான். மாமனார் பிரித்து உரக்கப் படித்த பிறகே மருமகள் கைக்குக் கடிதம் போன வீடுகளும் உண்டு. அதில் அவன் என்னத்தை எழுதியிருப்பான்!

உயிருக்கு ஆபத்தான வேலை என்று தெரிந்தும் பெண் கொடுத்தார்கள். மாதம் பிறந்தால் மணியார்டர், 15 ஆண்டு முடித்தால் பென்ஷன். முப்பத்தைந்தை ஒட்டி ஊர் திரும்புகிறவனுக்கு அதற்குள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் பாங்கிலோ அரசு அலுவலகத்திலோ இரண்டாவது வேலையும் தேடிக்கொள்ளலாம்.

2022 ஜூனில் ராணுவ ஆள்சேர்ப்புக்கு அக்னிபத் திட்டம் வந்தது. அறிவித்தபோது பதினேழரை வயது முதல் 21 வரை உள்ளவர்களுக்கு நான்கு ஆண்டுப் பணி. முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதத்தைப் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருகிறார்கள். பென்ஷன் கிடையாது. பென்ஷனைப் பற்றி ஊரே பேசியது. இன்னொரு விதியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை: கல்யாணமாகாதவர்தான் சேரலாம், பணிக்காலம் முடியும் வரை கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது.

அன்றைக்குக் கல்யாணம் முதலில், காதல் பிறகு. இன்றைக்கு அக்னிபத்தில் சேர்ந்தவனுக்கு ஓய்வு நேரத்தில் கைக்குப் போன் கிடைக்கிறது, சிக்னல் இருந்தால் வீடியோ காலில் முகமும் தெரிகிறது, காதலுக்குக் குறைவில்லை. ஆனால் பெண் கேட்டுப் போக அவனுக்குத் தோதான காலம், சம்பளம் வருகிற அந்த நான்கு ஆண்டுதான். நிரந்தரமாகாத முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம் நிற்கிற அன்றைக்குத்தான் தடையும் நீங்குகிறது. பையன்களின் வயதையும் வாழ்க்கையையும் யோசித்து எழுதிய விதியாக எனக்கு இது படவில்லை.

2022 கடைசியில் சேர்ந்தவர்களுக்கு 2026 கடைசியில் நான்கு ஆண்டு நிறைகிறது. துணை ராணுவத்தில் 10 சதவீத இடஒதுக்கீடு என்று 2022-இல் அறிவித்தார்கள்; அதற்கும் தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். அவன் காதலிக்கும் பெண்ணுக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஆகியிருக்கும். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். தன் அப்பாவிடம் அவள் இவனைப் பற்றிச் சொல்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். ‘மிலிட்டரியில இருந்தாரு, சரிம்மா. இப்ப அந்தத் தம்பி என்ன பண்றாரு?’ என்றுதான் அவர் கேட்பார்.