'அஜாக்கிரதையாக ஓட்டினார்' என்று வழக்கு வந்தால்...

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வரும் லோடு ஆட்டோ. விடியற்காலையில் இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பும் சிறிய வேன். கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் மளிகைக் கடை நடத்துவோரும் மீன் வியாபாரிகளும் இந்த வண்டிகளை நம்பித்தான் தொழில் செய்கிறோம். ஆகவே, 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்று காவல் நிலையத்தில் எழுதப்படும் அந்த ஒரு வரி நம்மில் யாருக்கும் வரக்கூடியதே.

வந்துவிட்டால் நம்மவர்களில் பலர் சொல்வது, "கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைவதா? குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்" என்பதுதான். சில வழக்குகளில் அது சரியான முடிவு. சில வழக்குகளில் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் இழக்க நேரிடும். எதில் எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் பிரிவு என்று பாருங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. நமக்குப் பழக்கமான 279-ஆவது பிரிவு இப்போது 281. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி ஓட்டியதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவருக்குக் காயம் என்றால் 125-ஆவது பிரிவு சேரும். கொடுங்காயம் என்றால் அதில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் பழைய 304-ஏ பிரிவுக்குப் பதிலாக 106(1). தண்டனை 5 ஆண்டு வரை. இதுவும் ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. எனவே பயந்து தலைமறைவாக வேண்டாம்.

இவை தவிர, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவும் உண்டு. அபாயகரமாக ஓட்டியதாக முதல் முறை தண்டிக்கப்பட்டவர் 3 ஆண்டுக்குள் அதே குற்றத்தை மறுபடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம். ஆகவே, 'இந்த முறை கட்டிவிடுவோம்' என்பவர் அடுத்த முறையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் பிரிவுகளைப் படித்த பிறகே எந்த முடிவுக்கும் வாருங்கள்.

ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா?

யாருக்கும் காயமில்லை, பிறர் பொருளுக்குச் சேதமில்லை, தவறு நடந்தது உண்மை என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்துவதே மேல். வீம்புக்கு வழக்கு நடத்தினால் கடை நாள்தான் வீணாகும்.

ஒருவருக்குக் காயம் என்றால் கணக்கே வேறு. அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாஜிஸ்திரேட் முன்பு நம் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பதிவை அங்கே எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லையென்றால் அந்தத் தொகை முதலாளியின் கல்லாவிலிருந்துதான் போகும். 'ஓட்டியது டிரைவர்தானே' என்று உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எனவே காயமோ உயிரிழப்போ நேர்ந்த வழக்கில் வழக்கறிஞரைக் கலக்காமல் 'ஆம்' என்ற ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணையத்தை 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தவறே செய்யவில்லை என்றால் வழக்கை நடத்தத் தயங்கவும் வேண்டாம். கர்நாடகத்தில் லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கொன்றில், 'அதிவேகம்' என்று சாட்சி சொன்ன மாத்திரத்தில் அஜாக்கிரதை நிரூபணமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. எந்தச் சாலை, எவ்வளவு கூட்டம், பிரேக் எப்படி என்பதையெல்லாம் அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். இதனால்தான் மோட்டார் வாகன ஆய்வாளரின் பரிசோதனை அறிக்கை, சம்பவ இடத்தின் புகைப்படங்கள், பார்த்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை முதல் நாளே சேகரிக்க வேண்டும். விசாரணையின்போது காவல்துறையினர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அன்றைய தினம் செய்ய வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு மூன்று கடமைகளைச் சொல்கிறது. காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது. கூட்டம் கூடி அடிக்க வந்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்பதில்லை. அந்த நிலைக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. ஆனால் நேராகக் காவல் நிலையம் போங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள்.

நம் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தொகை கொடுத்து முடிப்பது வழக்கம். அடிபட்டவரின் சிகிச்சைச் செலவை ஏற்பது நல்ல காரியம்தான். ஆனால் பஞ்சாயத்தில் பேசியதால் 281 வழக்கு தானாக முடிந்துவிடாது. காயம் சம்பந்தப்பட்ட பிரிவில் சமாதானம் என்றால் அதையும் நீதிமன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். உயிரிழப்பு வழக்கில் சமாதானத்துக்கு இடமில்லை. கொடுத்த பணத்துக்கு எழுத்து இல்லையென்றால் கொடுக்காததற்குச் சமம்.

படகுக்கும் இதே நியாயம்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. படகை அஜாக்கிரதையாகச் செலுத்துவதற்கு 282-ஆவது பிரிவும், கூலிக்கு அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதற்கு 284-ஆவது பிரிவும் உள்ளன. சரக்குப் படகில் தெரிந்தவர்களை 'சும்மா ஏற்றிக்கொள்' என்று சொல்லும் வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டை இருந்ததா, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி.

வண்டிப் பெட்டியில் இருக்க வேண்டியவை

ஆர்.சி. புத்தகம், காப்பீட்டு பாலிசி, தகுதிச் சான்று, டிரைவரின் உரிமம் ஆகியவற்றின் நகல்கள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவுபடுத்தியது. நம் லோடு ஆட்டோக்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உரிமமே இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை நம்மிடமே வசூலிக்கும்.

சரக்குக்கு நாம் பில் வைத்திருப்பதுபோல் வண்டிக்கும் கணக்கும் காகிதமும் வைத்திருப்போம். வழக்கு வந்த அன்று அவசரப்பட்டு அபராதத் தொகையை எடுத்து நீட்டாமல், பிரிவைப் படித்து, காயம் உண்டா என்று பார்த்து, பிறகு முடிவெடுப்போம்.