சைக்கிளைத் தள்ளும் கணவாய்! ஆரல்வாய்மொழியில் மலையை ஏற வேண்டாம், காற்றை ஏற வேண்டும்!

நாகர்கோவில் பக்கத்தில் "கணவாய்" என்றால் பலருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். அது குளச்சலிலும் முட்டத்திலும் பிடிபடும் கணவாய் மீன்!

இது வேறு கணவாய். இதைச் சாப்பிட முடியாது. இதற்குள் நுழைந்து போகலாம்.

இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் வழிக்குக் கணவாய் என்று பெயர். சுவருக்கு வாசல் போல, மலைக்குக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே இருந்து நீளமாக ஓடி வருகிறது. அது முடியப் போகும் இடத்தில், தெற்குக் கோடியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

நாகர்கோவிலில் இருந்து அங்கே போக சுமார் 15 கிலோமீட்டர். சாதாரண சைக்கிளிலேயே போகலாம்.

ஸ்பெயின் நாட்டு மலை

சைக்கிளில் கணவாய் ஏறுவது வெளிநாடுகளில் பெரிய வீர விளையாட்டு.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே ஆஸ்தூரியாஸ் என்று ஒரு மாநிலம். அங்கே எங்கு பார்த்தாலும் மலை. அங்குள்ள "ஆங்லிரு" என்ற மலைப் பாதையின் பெயரைக் கேட்டாலே சைக்கிள் வீரர்கள் நடுங்குவார்கள். சில இடங்களில் 100 மீட்டர் தூரம் போவதற்குள் 20 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். மாடிப்படியில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி! 1999-ம் ஆண்டில் இருந்து ஸ்பெயினின் பெரிய சைக்கிள் பந்தயம் இந்தப் பாதை வழியாகவும் நடந்து வருகிறது.

அந்த நாட்டில் பஹாமோன்தஸ் என்று ஒருவர் இருந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை. இளம் வயதில் சைக்கிளில் காய்கறியும் பழமும் சுமந்து பிழைத்தார். சுமை இழுத்த கால்கள் மலை ஏறவும் பழகின. 1959-ல் உலகப் புகழ் பெற்ற பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அவர் முதல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் ஸ்பெயின்காரர் அவர்தான். 2023-ல், 95-வது வயதில் காலமானார்.

ஒரு பந்தயத்தில் அவர் எல்லோரையும் முந்திக்கொண்டு மலை உச்சிக்குப் போய், மற்றவர்கள் வந்து சேரும் வரை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள்!

எதிரி யார்?

நம் ஆரல்வாய்மொழியில் அப்படிப்பட்ட ஏற்றம் கிடையாது. பாதை ஏறக்குறைய சமதளம்தான். மூச்சு முட்ட மலை ஏற வேண்டியதில்லை.

ஆனாலும் இது லேசான பயணம் அல்ல. இங்கே எதிரி மலை அல்ல. காற்று!

ரப்பர் குழாயில் தண்ணீர் வரும்போது அதன் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பீறிட்டு அடிக்கும். அதே கதைதான் இங்கேயும். வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கடலில் இருந்து வருகிறது. எதிரே மலைச்சுவர். போக வழி இல்லை. திறந்திருக்கும் ஒரே வாசலுக்குள் எல்லாக் காற்றும் முண்டியடித்து நுழைகிறது. அதனால் வேகம் கூடுகிறது.

இந்தக் காற்றைத்தான் மனிதன் பிடித்து வேலை வாங்குகிறான். கணவாயைத் தாண்டியதும் முப்பந்தல். அங்கே சாலையின் இரு பக்கமும் ராட்சதக் காற்றாலைகள் மூன்று கைகளை வீசிச் சுற்றுகின்றன. ஆசியாவின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் இது ஒன்று. இதன் மின்சாரத் திறன் சுமார் 1,500 மெகாவாட்.

சேரர், சோழர், பாண்டியர் என்ற மூவேந்தர்களும் பந்தல் போட்ட இடம் என்பதால் முப்பந்தல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இங்கே இசக்கியம்மன் கோவில் இருக்கிறது. லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

போகும்போது சிரிப்பு, வரும்போது அழுகை!

நாகர்கோவிலில் இருந்து புறப்பட்டால் ஒழுகினசேரியைத் தாண்டியதும் வயலும் தென்னையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அடுத்து தோவாளை. விடியும் முன்பே பூ வியாபாரம் களைகட்டும் ஊர். பூவை மடித்து, மணி போலக் கோத்துக் கட்டும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோவாளையைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. இங்கேதான் சைக்கிள்காரன் ஏமாந்து போவான்!

காற்றுக் காலத்தில் மேற்கே இருந்து வரும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பெடலை மிதிக்கவே வேண்டாம். "அடடா, நமக்கு இவ்வளவு பலமா!" என்று தோன்றும். பாட்டுப் பாடிக்கொண்டே காவல்கிணறு வரை போய்விடலாம்.

திரும்பும்போதுதான் தெரியும் சங்கதி! தள்ளிவிட்ட அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். நம் மீது மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தடுக்கும் பலம் நான்கு மடங்கு ஆகும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

ஆகையால் கணவாய்ப் பயணத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். போகும்போது உடம்பில் உள்ள பலத்தைச் செலவழிக்கக் கூடாது. முக்கால் பங்கைத் திரும்பி வருவதற்குச் சேமிக்க வேண்டும். எதிர்க்காற்றில் உடம்பைக் குனிந்துகொண்டு, மெதுவாக, ஒரே சீராக மிதிக்க வேண்டும். கியர் வைத்த சைக்கிள் என்றால் லேசான கியரில் போடுங்கள். வேகம் குறையும். ஆனால் கால் சோராது.

பக்கக்காற்று இன்னும் ஆபத்து. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் வரும்போது காற்று சட்டென்று நிற்கும். லாரி போனதும் மறுபடியும் ஓங்கி அடிக்கும். அந்த ஒரு நொடியில் சைக்கிள் சாலையின் நடுவே சாய்ந்துவிடலாம். பின்னால் இன்னொரு லாரி வந்தால் என்ன ஆகும்? உயிர் விளையாட்டு! ஹாண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். சாலை ஓரத்தை விட்டு வராதீர்கள். காற்று பலமாக இருந்தால் வெட்கப்படாமல் இறங்கி நடந்து விடுங்கள். ஆடி மாதக் காற்றில் சிறுவர்களை அங்கே தனியாக அனுப்பவே கூடாது.

ஒரே நாளில் இரண்டு நாடு!

இந்தப் பயணத்தின் பெரிய அதிசயத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

கணவாய்க்கு மேற்கே நாஞ்சில் நாடு. நெல் வயல், வாழைத் தோப்பு, குளம், வாய்க்கால். கணவாய்க்குக் கிழக்கே பணகுடி, ராதாபுரம் வட்டாரம். செம்மண், பனைமரம், முள் செடி. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்!

காரணம் என்ன? மழை மேகம் மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தப் பக்கத்துக்குக் காற்று மட்டும்தான் போகிறது. அதனால்தான் கோதையாற்றுத் தண்ணீரை ராதாபுரம் கால்வாய் வழியாக அங்கே கொண்டு போனார்கள். மேகம் செய்யாததை வாய்க்கால் செய்கிறது.

ராஜ்யத்தின் வாசல்

1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு இது திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதி. அந்த ராஜ்யத்துக்கு ஆரல்வாய்மொழிதான் கிழக்கு வாசல். மலையில் இருந்து கடல் பக்கம் வரை கோட்டை மதில் கட்டிக் காவல் காத்தார்கள்.

நாட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டது இங்குள்ள காற்றாடிமலையில்தான். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் இந்த வாசல் வழியாக வந்துதான் மயிலாடியில் தொண்டு செய்தார்.

1809-ம் ஆண்டு. தளவாய் வேலுத்தம்பி வெள்ளைக்காரரை எதிர்த்துக் கிளம்பினார். கர்னல் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை கணவாய் வாசலுக்கு வந்தது. மதிலை நேராக இடித்து நுழைவது கஷ்டம். அப்போது மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு காரியம் செய்தார். இரவில், இருட்டில், முள்ளும் பாறையும் நிறைந்த தெற்கு மலை மீது சிப்பாய்களோடு ஏறினார். பிப்ரவரி 10-ந் தேதி மேலே இருந்து பாய்ந்து கோட்டையைப் பிடித்தார்.

அதோடு வாசல் போயிற்று. சில வாரங்களில் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார். ஒரு ராத்திரி மலை ஏற்றம் ஒரு ராஜ்யத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது!

1981-ல் இதே வாசல் வழியாக ரெயிலும் வந்தது. நாகர்கோவிலும் திருநெல்வேலியும் இணைந்தன.

நடந்து ஏற ஆசையா?

கணவாய்க்கு வடக்கே நிற்பது மகேந்திரகிரி. உயரம் சுமார் 1,650 மீட்டர். அனுமார் இலங்கைக்குத் தாவிய மலை என்று சொல்வார்கள். இப்போது அதன் அடிவாரத்தில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள்! அங்கே நினைத்தபடி ஏற முடியாது. காட்டு மலைகளில் யானையும் காட்டெருமையும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

குடும்பத்தோடு ஏற ஏற்றது மருந்துவாழ்மலை. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடி பக்கத்தில் இருக்கிறது. அனுமார் தூக்கி வந்த சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. இங்குள்ள குகையில் நாராயண குரு தவம் செய்தார். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் மலை.

வெயில் ஏறும் முன் ஏறுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். இருட்டும் முன் இறங்கி விடுங்கள். கொண்டு போன பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டப் படித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள்! கல் உடைப்பவர்களும் வயல் வேலை செய்பவர்களும் தங்கள் காலிலேயே வெளியூர் போய் வந்தார்கள். முதலில் கேலி பேசியவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது 11-ம் வகுப்புப் படிக்கும் மாணவ, மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அது பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும்தானா ஓட வேண்டும்? மாசி மாதத்தில் காற்று அடங்கி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், அப்பாவோ அண்ணனோ அக்காவோ துணைக்கு வர, தோவாளை வழியாக ஒரு தடவை போய் வரட்டும்.

புறப்படும் முன் பிரேக்கைப் பாருங்கள். டயரில் காற்று அடித்துக்கொள்ளுங்கள். மீதிக் காற்றை ஆரல்வாய்மொழி பார்த்துக்கொள்ளும்!