பொண்ட் ஏன் சிஐஏக்கு வேலை செய்யிறார்?

இந்தக் கிழமை எபிசோட்டில பழைய பொயின்ட் அண்ட் கிளிக் கேம்களைப் பற்றிக் கதைச்சம். ஒரு கேமுக்கு மட்டும் நேரம் காணேல்ல. அதை இங்க எழுதுறன்.

1990இல் பிரான்சின் டெல்ஃபின் சொஃப்ட்வெயார் நிறுவனம் 'ஒப்பரேஷன் ஸ்டெல்த்' என்ற உளவாளிக் கேமை வெளியிட்டது. செய்தவர் போல் குயிசே. இரண்டு வருஷம் கழிச்சு 'ஃபிளாஷ்பேக்' செய்த அதே ஆள். கதாநாயகன் ஜோன் கிளேம்ஸ், சிஐஏ ஏஜென்ட். களவுபோன ஸ்டெல்த் விமானத்தைத் தேடி சாந்தா பராகுவா என்ற கற்பனை நாட்டுக்குப் போறார்.

வட அமெரிக்காவில அதை விற்ற இன்டர்பிளே, பொண்ட் பெயருக்கு உரிமை வாங்கி, 'ஜேம்ஸ் பொண்ட் 007: த ஸ்டெல்த் அஃபெயார்' எண்டு பெட்டியில போட்டது. பெயரை மாத்தினவை, வேலையை மாத்தேல்ல. படமும் புதிரும் அதே. அதால பிரிட்டிஷ் உளவாளி பொண்ட் இந்தக் கேமில சிஐஏ ஆள்!

இன்னொரு பகிடி, முதல் புதிரே பாஸ்போர்ட்தான். எயார்போட்டில இறங்கின உடனே எந்த நாட்டுக்காரன் எண்டு காட்டி உள்ளே போறது என்று யோசிக்க வேணும். துப்பு பேப்பரில இருக்கு. பாஸ்போர்ட் அடிக்கிற கருவி சூட்கேசுக்குள்ள. 1990 எண்டால் ஊரில திரும்பவும் சண்டை தொடங்கின வருஷம். எங்கட அம்மா அப்பாமார் கன பேர் அந்தக் காலத்தில உண்மையான குடிவரவு வரிசைகளில நிண்டவை. அவைக்கு முன்னால இருந்து இதை விளையாடிப் பாருங்கோ, கதை தானா வரும்.

கேம் சுகமில்லை, முதலே சொல்லிப்போடுறன். வலது கிளிக் பண்ணினா ஆறு கட்டளை வரும். அதில 'யூஸ்' வேற, 'ஒப்பரேட்' வேற. கையில இருக்கிற சாமானை இன்னொண்டில பாவிக்க யூஸ். கதவு மாதிரி எதிரில இருக்கிறதைக் கையால இயக்க ஒப்பரேட். இது விளங்காமல் கன பேர் விட்டிட்டுப் போவினம். சில சாமான் வெறும் புள்ளி அளவுதான்.

இப்ப விளையாட ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் கேமின் கோப்புகள் உங்களிட்ட இருக்க வேணும். பழைய கேம்களைப் பெட்டியோட பார்க்க ஆசையா? ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாக நூலகத்தில சிட் போல்ட்டன் சேகரிப்பு இருக்கு. முன்னர் பிரான்ட்ஃபோர்ட் கொம்பியூட்டர் மியூசியத்தில இருந்த 14,000க்கும் மேற்பட்ட கேம்கள்.

அடிக்கடி சேவ் பண்ணுங்கோ. பொண்ட் லேசாச் செத்துப்போவார்.