மருந்தே நஞ்சாகலாமா?

2023 மார்ச்சில், உதகைப் பள்ளி ஒன்றில், மாணவரிடையே போட்டி: இரும்புச்சத்து மாத்திரையை யார் அதிகம் விழுங்குவது? ஈரல் பழுதான 13 வயதுச் சிறுமி, சென்னைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே மாண்டாள்.

உதகையில் நேர்ந்தது கொடைக்கானலில் நேராதா? பழனி மலைப் பிள்ளைகளுக்கும் அதே மாத்திரைதான். அதைப் பழிக்கவில்லை நாம். வாரம் ஒன்று இரத்தசோகை போக்கும். வாரி விழுங்கினால் உயிரைப் போக்கும்! நீல மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. 10 கிலோ எடைக் குழந்தையின் உயிருக்கு உலைவைக்க 10 மாத்திரை போதும்.

முதலில் வாந்தி, வயிற்றுவலி, பேதி. சிலருக்கு இரத்தமும் போகும். சில மணி நேரத்தில் அடங்கும், குழந்தை சிரிக்கும். ஏமாறாதீர்! உள்ளே ஈரலை அரிக்கிறது நஞ்சு.

பூம்பாறையோ பண்ணைக்காடோ, மலைப்பாதை நீளம், நேரமோ குறைவு. வாந்தியெடுக்க வைக்காதீர். உடனே 108ஐ அழையுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை குறைகிறதென்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து உண்டு. காலத்தே சென்றால் பிழைக்கலாம்.

பள்ளியிலே ஆசிரியர் கண்முன் ஒரே மாத்திரை. வீட்டிலே பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அட்டை. இதைக்கூடச் செய்யாவிட்டால், பெற்றோர் என்ற பெயர் நமக்கெதற்கு?