கட்டாக்காலி நாயும் ஏற்றுமதிக் கணக்கும்

கட்டாக்காலி நாய்க்கு என்ன ஏற்றுமதி என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் சீசன் தொடங்கினால் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். இரண்டு வாரம் தங்க வந்த வெள்ளைக்காரர் கடற்கரை நாயொன்றுக்குச் சோறு போடுகிறார், மருந்து போடுகிறார், பிறகு விட்டுப்போக மனமில்லாமல் ஊருக்குக் கொண்டுபோக வழி கேட்கிறார். ஹோட்டலில் நிற்கும் தம்பிமாரும் ஒட்டோக்காரரும் "முடியும்" என்று தலையாட்டி முற்பணம் வாங்கிவிடுகிறார்கள். "காக்கா, கப்பலில் ஏற்றலாமா?" என்று என் கடைக்கு வருவது அதன் பிறகுதான்.

கப்பலில் முடியாது. நமது துறைமுகத்துக்கு வருவது கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் எண்ணெயும். நாய்க்கு வழி கட்டுநாயக்க விமான நிலையம்தான். அங்கிருந்து யானையே போயிருக்கிறது. தாய்லாந்து 2001இல் அன்பளிப்பாகத் தந்த முத்துராஜா, இங்கே பட்ட காயங்களுக்குச் சிகிச்சை பெறுவதற்காக 2023 ஜூலை 2ஆம் திகதி இலியூஷின் சரக்கு விமானத்தில் திரும்பிச் சென்றது. எடை நாலு தொன் அளவில். இங்கிருந்து 1985இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்த காவன் என்ற யானையும், இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படி 2020 நவம்பர் இறுதியில் கம்போடியாவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டது. அவற்றுக்கு அரசாங்கங்களும் பெரிய அமைப்புகளும் பின்னால் நின்றன. கடற்கரை நாய்க்கு நிற்பது ஒரு ஒட்டோக்காரத் தம்பி.

நம் நாட்டில் விசர் நாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை. அதனால் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் நம் நாயை எளிதில் உள்ளே விடா. முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதன் பிறகுதான் தடுப்பூசி. வரிசை மாறினால் போட்ட ஊசி கணக்கில் வராது. குட்டியென்றால் 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருப்பு.

கணக்குப் போடுங்கள். ஓகஸ்ட் 10இல் சிப்பும் ஊசியும் என்றால் இரத்தம் செப்டெம்பர் 9, பயணம் டிசம்பர் இரண்டாம் வாரம். அப்போது இங்கே மாரி மழை, கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரரும் இருக்கமாட்டார். அந்த நாலு மாதமும் நாயை யார் வைத்திருப்பது? சாப்பாடு, இடம், மிருக வைத்தியர், வாகனம் எல்லாம் அதற்குள்தான். விமானக் கூலியை மட்டும் சொல்லி முற்பணம் வாங்கிய தம்பி செப்டெம்பரிலேயே கையைப் பிசைவார். சிலர் நாயைத் திரும்பவும் கரையிலேயே விட்டுவிடுகிறார்கள். அது வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய நாய்.

இன்னொரு முடிச்சும் உண்டு. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு முன்பின் ஐந்து நாளுக்குள் நாயும் போனால்தான் அது சொந்தச் செல்லப்பிராணி. அவர் ஓகஸ்டிலேயே போய்விட்டு நாய் டிசம்பரில் போனாலோ, அங்கே வேறொருவருக்கு வளர்க்கக் கொடுப்பதானாலோ, ஒரு சதம் வாங்காவிட்டாலும் அது வியாபார இறக்குமதி. அதன் விதிகள் இன்னும் கடினம். போகும் நாடு அதற்கு அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு அறியாமல் காசைத் தொடாதீர்கள். இங்கே கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும்.

பெட்டியிலும் கணக்கு உண்டு. நாய் உள்ளே நிற்க, திரும்ப, படுக்க இடம் வேண்டும் என்பது விமானக் கம்பனிகளின் சர்வதேச விதி. 100 சென்ரிமீற்றர் நீளம், 70 அகலம், 75 உயரம் என்று பெட்டி செய்தால், பெருக்கி 6000ஆல் வகுங்கள். 87.5 கிலோ. நாயின் எடை 15 கிலோவாக இருந்தாலும் கூலி அந்த 87.5 கிலோவுக்குத்தான். தச்சரிடம் கொடுக்கும் முன் நாயை அளந்து பாருங்கள்.

நாய் விற்ற காசு நமக்கு ஆகாது என்பது தெரிந்த விஷயம். நாயை விற்காமல், பெட்டி செய்ததற்கும் வாகனம் ஓட்டியதற்கும் கடிதம் போட்டதற்கும் கூலி வாங்குவது வேறு என்பது என் எண்ணம். சந்தேகமுள்ளவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். எப்படியும் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதி ரசீது கொடுங்கள். "நாய்க்கு இவ்வளவு" என்று மொத்தத் தொகை சொல்லும் பழக்கம் வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை 0.5க்குக் குறைந்து வந்தால் மறுபடி ஊசி, மறுபடி இரத்தம், மறுபடி மூன்று மாதம். அந்தச் செலவு யாருடையது என்பதை முற்பணம் வாங்கும் நாளிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.